11 மாத எம்.ஓ.டி. இருந்தால் பயமில்லையா?

கேள்வி: அண்ணா, நாங்கள் திருச்சிக்காரர்கள். 2 வருடத்துக்கு முன்னால் லண்டனின் ஹாரோவுக்கு வந்தோம். எனக்கு 31 வயது, போன மாதம்தான் டிரைவிங் டெஸ்ட் பாஸ் செய்தேன். மனைவி மருத்துவமனையில் நர்ஸ். வீட்டிலிருந்து 4 மைல், பாதி நாள் இரவு ஷிஃப்ட். எனக்கு வேலை வாட்ஃபோர்டில். செகண்ட் ஹேண்ட் கார் வாங்க 5,000 பவுண்ட் வரை வைத்திருக்கிறோம். மூன்று வண்டி பார்த்து வைத்திருக்கிறேன், பதிவு எண்களைக் கீழே எழுதியிருக்கிறேன். ஒன்று, 2014 ஜெர்மன் டீசல் செடான், 4,200. நல்ல மைலேஜ் கொடுக்கும் என்று கோவிலில் ஒரு அண்ணன் சொன்னார். இரண்டு, 66 பிளேட் (2016 செப்டம்பருக்கும் 2017 பிப்ரவரிக்கும் இடையில் பதிவானது), 1 லிட்டர் பெட்ரோல், சொந்தக்காரரே விற்கிறார், 4,900. பளபளவென்று இருக்கிறது, 11 மாத எம்.ஓ.டி. (வருடாந்திர வண்டிச் சோதனைச் சீட்டு) மீதி. நம் ஊர் எஃப்.சி. மாதிரிதானே, அது இருந்தால் பயமில்லை என்கிறார்கள். மூன்று, 2012 ஜப்பானிய வண்டி, 1.3 பெட்ரோல், சின்ன டீலர், 3,900. பார்க்கக் கிழடாகத் தெரிகிறது. இன்சூரன்ஸ் 2,300 கேட்கிறார்கள். மாமா பெயரில் எடுத்து என்னை அதில் சேர்த்தால் 900தான். மனைவிக்கு ஊர் லைசென்ஸ் உண்டு. இன்டர்நேஷனல் பெர்மிட்டையும் போன தடவை ஊருக்குப் போனபோது புதுப்பித்துக்கொண்டு வந்தோம், ஷிஃப்டுக்கு அவரே ஓட்டிக்கொண்டு போவார். சனி, ஞாயிறு நான் சாப்பாடு டெலிவரி செய்தால் இன்சூரன்ஸ் காசு வந்துவிடும். எதை வாங்கலாம்?

பதில்:

தம்பி, மூன்றில் எது என்றுதானே கேட்கிறீர்கள், சொல்கிறேன். ஆனால் மனைவி ஊர் லைசென்ஸில் ஓட்டுவார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டீர்களே, முதலில் அதைப் பேசிவிடுவோம். தப்பான வண்டி வாங்கினால் பணம்தான் போகும். இது போலீஸ், கோர்ட் என்று இழுத்துவிடும்.

இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவர் பிரிட்டனில் குடியிருக்க வந்த நாளிலிருந்து 12 மாதம் வரை கார் ஓட்டலாம். அத்தோடு சரி. இன்டர்நேஷனல் பெர்மிட்டை எத்தனை தடவை புதுப்பித்தாலும் அந்த 12 மாதம் ஒரு நாள்கூட நீளாது. விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்று நம் ஆட்கள் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். குடியிருப்பு இங்கேதான் என்றால் அப்படி எதுவும் தொடங்காது. ஆஸ்திரேலியா, கனடா, சிங்கப்பூர் போன்ற சில நாட்டு லைசென்ஸ்களை இங்கே கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. நீங்கள் வந்து 2 வருடம் ஆகிறது. ஆகவே உங்கள் மனைவி இன்றைய தேதியில் சட்டப்படி லைசென்ஸ் இல்லாதவர். அவர் ஓட்டும்போது ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸும் கைவிரிக்கும்.

செய்ய வேண்டியது: இன்றைக்கே ஆன்லைனில் புரொவிஷனல் (பழகுநர்) லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள், 34 பவுண்ட். பிறகு தியரி, பிறகு பிராக்டிகல். லண்டன் பக்கம் பிராக்டிகலுக்குத் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகிறது என்பதால் தள்ளிப்போடாதீர்கள். அதுவரை அவர் 'எல்' பலகை மாட்டித்தான் ஓட்டலாம், பக்கத்தில் 21 வயது நிரம்பி, முழு லைசென்ஸ் வாங்கி 3 வருடம் ஆன ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். நீங்கள் போன மாதம் பாஸ் செய்தவர், அந்த ஆளாக இருக்க உங்களுக்கே தகுதி இல்லை. ஆக, டெஸ்ட் முடியும்வரை கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் உங்கள் வேலை.

இனி வண்டிகளுக்கு வருகிறேன்.

டீசல் வேண்டாம். கோவில் அண்ணன் சொன்னது பொய்யில்லை. வாரம் இரண்டு தடவை பர்மிங்ஹாம் போய் வருகிறவருக்கு நானும் டீசலைத்தான் சொல்வேன். ஆனால் உங்கள் ஓட்டம் 4 மைல். டீசலின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது, கராஜில் டி.பி.எஃப். என்போம். பிடித்த கரியை அவ்வப்போது அதுவே எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு என்ஜின் நன்றாகச் சூடேறி, மோட்டார்வேயில் கால் மணி நேரமாவது சீராக ஓட வேண்டும். நீங்கள் போகிற தூரத்துக்குச் சூடேறுவதற்குள் மருத்துவமனை வாசல் வந்துவிடும். கரி சேர்ந்து அடைத்துக்கொள்ளும், டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும், அப்புறம் செலவுதான். அந்த வடிகட்டியையே கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. கம்பெனி வைத்து அனுப்பிய டி.பி.எஃப். அதன் இடத்தில் இல்லையென்றால் எம்.ஓ.டி. ஃபெயில், 2014 பிப்ரவரியிலிருந்து இந்த விதி இருக்கிறது.

இது போதாதென்று யூலெஸ், அதாவது புகைத் தரத்தில் தேறாத வண்டிகளுக்கு லண்டனில் வாங்கும் நாள் கட்டணம். 2019-இல் லண்டன் நடுப்பகுதியில் தொடங்கியது, 2023 ஆகஸ்ட் 29 முதல் ஹாரோ உள்பட லண்டனின் எல்லா பரோக்களுக்கும் (நகராட்சிப் பகுதிகளுக்கும்) வந்துவிட்டது. பெட்ரோல் என்றால் யூரோ 4 புகைத் தரம் போதும், பெரும்பாலும் 2006-க்குப் பிந்தைய வண்டிகள் தேறிவிடும். டீசலுக்கு யூரோ 6 வேண்டும், அதாவது பெரும்பாலும் 2015 செப்டம்பருக்குப் பிறகு பதிவானவை. நீங்கள் பார்த்திருக்கும் வண்டி தேறவில்லை. டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடும், நான் போட்டுப் பார்த்துவிட்டேன். தேறாத வண்டியை எடுக்கிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்ட். வருடத்துக்கு 240 நாள் எடுத்தால் 3,000. கணக்கு நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை என்பதையும் கவனியுங்கள். சாயங்காலம் 7 மணிக்கு மனைவியை விட்டுவிட்டு மறுநாள் காலை 8 மணிக்குக் கூட்டி வந்தால் அது இரண்டு நாள் கட்டணம், ஒரு ஷிஃப்டுக்கு 25 பவுண்ட். விலை ஏன் 4,200-க்கு இறங்கியிருக்கிறது என்று இப்போது புரியும். லண்டனில் இருப்பவர்கள் தள்ளிவிடப் பார்க்கிறார்கள்.

அடுத்தது அந்த 11 மாத எம்.ஓ.டி. இதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். நான் டெஸ்டர், இந்தச் சீட்டைத் தினமும் கொடுக்கிறவன். அதன் மேல் மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கையைப் பார்த்தால் எனக்கே சங்கடமாக இருக்கும்.

எம்.ஓ.டி. 1960-இல் வந்தது. அப்போது 10 வயதான வண்டிகளுக்கு மட்டும், 1967-இலிருந்து 3 வயது ஆனாலே வருடாவருடம். பிரேக், டயர், விளக்கு, ஸ்டியரிங், சஸ்பென்ஷன், சீட் பெல்ட், புகை, அடிப்பாகத் துரு, இவற்றைப் பார்ப்போம். எதையும் கழற்றிப் பார்க்க எங்களுக்கு அனுமதி இல்லை. என்ஜினின் ஆயுள், கிளட்ச், கியர்பாக்ஸ் எதுவும் இதில் வராது. கிளட்ச் நாளைக்கே போகப் போகிற வண்டியாக இருந்தாலும் விளக்கு எரிந்து பிரேக் பிடித்தால் நான் பாஸ் போட்டே ஆக வேண்டும். டயரில் சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர் ஆழம். டெஸ்ட் அன்றைக்கு 1.7 இருந்தால் பாஸ், இரண்டு வாரம் கழித்து அதே டயர் சட்டவிரோதம். ஆகவே 11 மாதம் மீதி என்றால், ஒரு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் அந்த வண்டி குறைந்தபட்சத் தேவையைத் தாண்டியது, அவ்வளவுதான் பொருள்.

ஆனால் எம்.ஓ.டி.யின் பழைய வரலாறு அப்படியல்ல. அது தங்கம். அரசின் இணையதளத்தில் நம்பர் பிளேட்டைப் போட்டால், 2005 முதல் அந்த வண்டிக்கு நடந்த டெஸ்ட்கள் எல்லாம் இலவசமாக வரும். எந்தத் தேதி, எத்தனை மைல், பாஸா ஃபெயிலா, ஏன் ஃபெயில், எதை எச்சரித்தோம், எல்லாம் இருக்கும். 2018 மே முதல் குறைகளை மூன்றாகப் பிரிக்கிறோம்: டேஞ்சரஸ், மேஜர், மைனர். முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் ஃபெயில். இவற்றுக்கும் கீழே அட்வைசரி என்று ஒன்று உண்டு. 'இப்போதைக்குப் பரவாயில்லை, ஆனால் தேய்ந்துகொண்டிருக்கிறது, கவனியுங்கள்' என்று நாங்கள் எழுதி வைப்பது. நீங்கள் ஊன்றிப் படிக்க வேண்டியது அதைத்தான். ஒரு வருடம் எழுதிய அட்வைசரி அடுத்த வருடம் காணாமல் போயிருந்தால், வைத்திருந்தவர் செலவு செய்து சரி பண்ணியிருக்கிறார். அதே வரி மூன்று வருடம் தொடர்ந்து வந்தால், அவர் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். எம்.ஓ.டி.யில் தெரிகிற பிரேக்கையே கவனிக்காதவர், எங்கள் கண்ணுக்கே படாத என்ஜின் ஆயிலை மட்டும் வேளாவேளைக்கு மாற்றியிருப்பாரா?

உங்கள் 66 பிளேட்டைப் பார்த்தேன். 2019 நவம்பரில் முதல் டெஸ்ட், சுத்தமான பாஸ். 2020-இல் பின் டயர் இரண்டும் தேய்ந்துகொண்டிருக்கின்றன என்று அட்வைசரி. 2021-இல் அதே டயர்களுக்காக ஃபெயில். அதாவது ஒரு வருடம் முழுக்க அதே டயரில் ஓட்டியிருக்கிறார். 2022-இல் முன் பிரேக் டிஸ்க் தேய்ந்திருக்கிறது, ஆயில் கசிகிறது. 2023-இல் அதே இரண்டும், கூடவே பிரேக் பேட் மெலிந்துவிட்டது. 2024-இல் பேட் 1.5 மில்லிமீட்டருக்கும் கீழே போய் ஃபெயில். கடைசியாகப் போன மாதம் ஐந்து காரணங்களுக்காக ஃபெயில், இரண்டு நாள் கழித்துப் பாஸ், அப்போதும் ஆறு அட்வைசரி. அதில் ஆயில் கசிவு இன்னும் இருக்கிறது. அந்தப் பட்டியலைப் பார்த்ததும் 'இனி இது நமக்குக் கட்டாது' என்று முடிவு செய்து விற்கிறார் என்பது என் ஊகம். பளபளப்புக்குக் காரணம் நல்ல பாலிஷ்.

இதற்கு மேல் அந்த என்ஜினுக்கே ஒரு விஷயம் இருக்கிறது. இந்த மாதிரி மூன்று சிலிண்டர் சின்ன பெட்ரோல் என்ஜின்கள் சிலவற்றில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே சுற்றும். வெட் பெல்ட் என்று போட்டுத் தேடிப் பாருங்கள். சரியான ரக ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் ஓடும். மாற்றாமல் விட்டால் பெல்ட் உதிர்ந்து, அந்தத் துணுக்குகள் ஆயில் உறிஞ்சும் குழாயின் சல்லடையை அடைத்துவிடும். ஆயில் மேலே ஏறாது, என்ஜின் போய்விடும். பெல்ட்டை முன்கூட்டியே மாற்றுவதற்கே ஆயிரம் பவுண்ட் வரை கேட்பார்கள். சர்வீஸ் புத்தகத்தில் ஒவ்வொரு வருட முத்திரையும் ஆயில் பில்லும் இருந்தால் யோசிக்கலாம். டயருக்கே காசு செலவழிக்காதவரிடம் அது இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வரி குறைவு என்று யாராவது அந்த வண்டிக்கு வக்காலத்து வாங்குவார்கள், அதுவும் உண்மைதான். 2001 மார்ச் முதல் 2017 மார்ச் வரை பதிவான கார்களுக்குக் கார்பன் டை ஆக்சைடு அளவை வைத்து வரி. கிலோமீட்டருக்கு 100 கிராமுக்குள் இருந்தால் முன்பு ஒன்றுமே இல்லை, 2025 ஏப்ரலிலிருந்து வருடத்துக்கு 20 பவுண்ட். 2017 ஏப்ரல் 1 முதல் பதிவானதென்றால் சின்ன வண்டிக்கும் 2025 ஏப்ரல் கணக்குப்படி 195. இதில் ஒரு வேடிக்கை, 17 பிளேட் 2017 மார்ச்சில் தொடங்கியது. ஒரே பிளேட், ஒரே மாடல் இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், மார்ச்சில் பதிவானதற்கு 20, ஏப்ரலில் பதிவானதற்கு 195. உங்கள் மூன்றாவது வண்டிக்கு 150-க்கு மேல் வரும். அந்த வித்தியாசத்துக்காக ஆயில் கசிகிற வண்டியை வாங்க வேண்டாம்.

இப்போது அந்தக் கிழட்டு ஜப்பானியன். 2012 மே பதிவு, 2015-இலிருந்து வரிசையாக டெஸ்ட். வருடத்துக்கு 5,000 மைலுக்குக் கொஞ்சம் குறைவாக ஓடி, இப்போது 61,000. 2017-இல் முன் டயர் அட்வைசரி, அடுத்த வருடம் இல்லை. 2019-இல் முன் சக்கரத்துச் சுருள் ஸ்பிரிங் உடைந்து ஃபெயில், அன்றைக்கே சரி செய்து பாஸ். ஸ்பிரிங் உடைவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், இங்கே குளிர்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்புக்கும் குண்டும் குழிக்கும் எந்தக் கம்பெனி வண்டியிலும் உடையும். 2020 மே டெஸ்ட் இல்லை, நவம்பரில்தான் இருக்கிறது. அதில் சந்தேகம் வேண்டாம். கொரோனாவின்போது 2020 மார்ச் 30 முதல் ஜூலை 31 வரை முடிய வேண்டிய எம்.ஓ.டி.களுக்கு அரசே 6 மாதம் நீட்டிப்புக் கொடுத்தது. அந்த வருடம் மைலும் கம்மியாகத்தான் ஏறியிருக்கிறது, பொருந்துகிறது. 2023-இல் பின் பிரேக் பைப்பில் மேலாகத் துரு என்று அட்வைசரி, 2024-இல் அந்த வரி இல்லை. கடைசி டெஸ்டில் முன் டயர் இரண்டும் ஓரம் தேய்கிறது என்று மட்டும் இருக்கிறது. யாரோ ஒருவர் இந்த வண்டியை ஒழுங்காக வைத்துக்கொண்டிருக்கிறார். 13 வயது வண்டிக்கு அட்வைசரியே இல்லாமல் வெள்ளைத் தாளாக ஒரு பாஸ், அதுவும் விற்பதற்கு முந்தின வாரம் எடுத்தது என்றால்தான் நான் இன்னும் கூர்ந்து பார்ப்பேன்.

ஆக, மூன்றாவதைப் போய்ப் பாருங்கள். காலையில் போங்கள், மழையில் போகாதீர்கள், ஈரத்தில் எல்லாப் பெயின்டும் அழகாகத் தெரியும். நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்னாலேயே டீலரிடம் சொல்லிவிட்டு, போனவுடன் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதை மறைக்கிறார்களோ என்று கேட்கலாம். நம் ஊரில் பெயின்டும் என்ஜின் சத்தமும்தான் பார்ப்போம். இங்கே குனிந்து கீழே பார்க்க வேண்டும். கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' என்ற பட்டை, சக்கர வளைவின் உள்பக்கம், பின் சஸ்பென்ஷன் பொருந்தும் இடம், இவற்றில் டார்ச் அடித்துத் துரு பாருங்கள். மேலாகப் பழுப்பு ஏறியிருந்தால் பரவாயில்லை, செதில் செதிலாக உரிந்தால் வேண்டாம். டயருக்கு 20 பென்ஸ் நாணயம் போதும். பள்ளத்துக்குள் நிறுத்தினால் நாணயத்தின் வெளி விளிம்பு மறைய வேண்டும். மறையாவிட்டால் சட்ட அளவுக்குக் கீழே இருக்க வாய்ப்பு உண்டு. உங்களுக்கு இது வெறும் டயர் விஷயமும் அல்ல. தேய்ந்த டயர் ஒன்றுக்கு 2,500 பவுண்ட் வரை அபராதமும் லைசென்ஸில் 3 தண்டனைப் பாயின்டும். பாஸ் செய்த முதல் 2 வருடத்துக்குள் 6 பாயின்ட் சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து, தியரியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இரண்டு வழுக்கை டயர் போதும்.

டீலர் பில்லில் 'சோல்ட் அஸ் சீன்' (பார்த்தபடியே விற்றது, பிறகு பொறுப்பில்லை) என்று எழுதியிருந்தால் கலங்காதீர்கள். வியாபாரி விற்கிற வண்டிக்கு அந்த வரி செல்லாது. 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, விற்கும்போதே இருந்த குறை 30 நாளுக்குள் வெளியே வந்தால் வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதற்குப் பிறகு 6 மாதம் வரை தெரிகிற குறை விற்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். ஆனால் சரி செய்ய அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். வியாபாரி அல்லாத தனி ஆளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது, அவர் சொன்னதும் வண்டியும் ஒத்துப்போனால் போதும். விலையில் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டுவது நல்லது. கொடுக்கல் வாங்கலில் தகராறு வந்தால் கார்டு கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு.

லாக் புக்கை, அதாவது வி5சியை, நம் ஊர் ஆர்.சி. புக் போலச் சொத்துப் பத்திரமாக நினைத்துவிடாதீர்கள். வண்டியைப் பதிவில் வைத்திருப்பவர் யார் என்றுதான் அது சொல்லும், சொந்தக்காரர் யார் என்பதற்கு இது சான்று அல்ல என்று அதிலேயே எழுதியிருக்கும். கடன் பாக்கி உள்ள வண்டி கடன் கொடுத்தவருடையது. சில பவுண்ட் கொடுத்து வரலாற்றுச் சோதனை ஒன்று எடுத்தால் பாக்கிக் கடன், திருட்டு, விபத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி கைகழுவிய வண்டியா என்பதெல்லாம் தெரிந்துவிடும். கேட்டகரி எஸ் (வண்டியின் கட்டமைப்பே அடிபட்டது), கேட்டகரி என் (கட்டமைப்பு தவிர மற்ற சேதம்) என்று வந்தால் இந்த விலைக்கு வேண்டாம்.

இனி மாமா. அவருக்கு நல்ல மனசு, ஆனால் அந்த 900 பவுண்ட் யோசனையை இன்றோடு மறந்துவிடுங்கள். தினமும் ஓட்டப் போவது நீங்கள். மாமாவை முதன்மை ஓட்டுநர் என்று காட்டி உங்களைத் துணைப் பெயராகச் சேர்ப்பது மோசடி. ஃப்ரண்டிங் என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். கட்டணம் கட்டும்போது யாரும் கேட்க மாட்டார்கள், இடித்த பிறகுதான் கேட்பார்கள். வண்டி யார் வீட்டு வாசலில் நிற்கிறது, வாட்ஃபோர்டுக்கு வேலைக்குப் போவது யார், லாக் புக் யார் பெயரில் இருக்கிறது? பாலிசியை ரத்து செய்துவிட்டால் நீங்கள் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியவர். 300 பவுண்டும் 6 பாயின்டும். அந்த 6 பாயின்ட் உங்களை என்ன செய்யும் என்று மேலே சொல்லியிருக்கிறேன். எதிராளிக்கு ஆன செலவை உங்களிடமே திருப்பிக் கேட்பார்கள். மாமாவுக்கும் அவருடைய அடுத்த பாலிசிகள் எல்லாம் தலைவலியாகிவிடும்.

நேர் வழியிலேயே 2,300-ஐக் கொஞ்சம் இறக்கலாம். பாலிசி தொடங்குவதற்கு முந்தின நாள் விலை கேட்காமல் மூன்று வாரம் முன்னால் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் குறைவாக வரும். ஒரே தளத்தோடு நிற்க வேண்டாம். மூன்றாம் தரப்பு பாலிசி மலிவு என்று நினைத்து அதை மட்டும் பார்க்காதீர்கள், புதுசாக ஓட்டுகிறவர்களுக்குக் காம்ப்ரிஹென்சிவ் சில சமயம் அதைவிடக் குறைவாகவே வருகிறது. மாதத் தவணை என்பது வட்டிக்குக் கடன், முடிந்தால் மொத்தமாகக் கட்டுங்கள். ஊரில் விபத்தில்லாமல் ஓட்டிய வருடங்களைக் கணக்கில் எடுக்கும் கம்பெனிகள் சில உண்டு, கேட்டுப் பாருங்கள். மாமா நிஜமாகவே அவ்வப்போது உங்கள் வண்டியை ஓட்டுவார் என்றால் உங்கள் பாலிசியில் அவரைத் துணை ஓட்டுநராகச் சேர்க்கலாம், அது சட்டப்படி சரி. அனுபவசாலி பெயர் சேர்ந்தால் தொகை இறங்கும். ஓட்டும் விதத்தைப் பதிவு செய்யும் கருப்புப் பெட்டி பொருத்துகிற பாலிசியில் மட்டும் ஒரு கண்ணி இருக்கிறது. நடுராத்திரி ஓட்டத்துக்கு மதிப்பெண்ணைக் குறைப்பவை உண்டு, சிலவற்றில் அந்த நேரத்துக்குத் தடையே உண்டு. ஷிஃப்ட் நேரத்தைச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சாப்பாடு டெலிவரிக்கும் இதே கதைதான். உங்களுக்குக் கொடுக்கிற விலை சொந்த உபயோகத்துக்கும் வேலைக்குப் போய் வருவதற்கும். காசு வாங்கிக்கொண்டு பிறர் பொருளை ஏற்றினால் அந்த இன்சூரன்ஸ் பொருந்தாது. பிரியாணிப் பையைப் பின் சீட்டில் வைத்த நிமிடத்திலிருந்து நீங்கள் இன்சூரன்ஸ் இல்லாத ஓட்டுநர். ஹயர் அண்ட் ரிவார்ட் என்று தனி பாலிசி இருக்கிறது, மணிக்கணக்கில் கட்டுகிற மாதிரியும் கிடைக்கிறது. ஆனால் புதுசாகப் பாஸ் செய்தவருக்கு எல்லாரும் கொடுப்பதில்லை. சனி, ஞாயிறு வருமானத்தில் அதைக் கழித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முதல் வருடம் வேண்டாம் என்பதே என் எண்ணம்.

வண்டி எடுக்கிற அன்றைக்கு முதலில் இன்சூரன்ஸ் தொடங்கியிருக்க வேண்டும், அடுத்து வரி. விற்றவர் கட்டிய வரி உங்களுக்கு வராது. கண்ணாடியில் வட்டச் சீட்டு ஒட்டிய காலம் 2014 அக்டோபரோடு முடிந்துவிட்டது. லாக் புக்கிலிருந்து கிழித்துக் கொடுக்கும் பச்சைத் துண்டில் 12 இலக்க எண் இருக்கும், அதை வைத்து அங்கேயே போனில் வரி கட்டிவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். மாதாமாதம் டைரக்ட் டெபிட் என்றால் 5 சதவீதம் கூடுதல். எம்.ஓ.டி. நினைவூட்டலுக்கும் அரசின் தளத்திலேயே பதிந்துவிடுங்கள், இலவசம். தேதிக்கு முன்னால் ஒரு மாதத்துக்குள் எடுத்தால் பழைய தேதியே அடுத்த வருடத்துக்கும் நிற்கும். காருக்கு அதிகபட்சக் கட்டணம் 54.85, அதற்கு மேல் யாரும் வாங்கக் கூடாது.

5,000 முழுவதையும் வண்டியில் போடாதீர்கள். 3,900 போனால் மிச்சத்தில் 500-ஐத் தொடாமல் வையுங்கள். பேட்டரியும் பிரேக்கும் முதல் குளிர்காலத்திலேயே கேட்கும். குறுகிய ஓட்டத்தில் பேட்டரி முழுதாக ஏறாது, வாரம் ஒரு நாளாவது அரை மணி நேரம் சேர்ந்தாற்போல ஓட்டுங்கள்.

பேரம் பேசும்போது வண்டி பழசு, நிறம் மங்கல் என்றெல்லாம் ஆரம்பிக்க வேண்டாம், அவருக்கு அது பழகிப்போன பேச்சு. முன் டயர் இரண்டும் ஓரம் தேய்கிறது என்று கடைசி எம்.ஓ.டி.யில் எழுதியிருப்பதை போனில் எடுத்துக் காட்டி, புது டயர் போட்டு வீல் அலைன்மென்ட்டும் பார்த்துக் கொடுங்கள், இல்லையென்றால் 200 குறையுங்கள் என்று கேளுங்கள். இரண்டு சாவி இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒன்றுதான் என்றால் இன்னொரு 100 குறைக்கலாம்.